வாசற்படியிலிருந்து தொடங்குங்கள்: பண்டைய கிரேக்கரின் அன்றாட வாழ்வில் சமயம் – ஒரு முழுமையான வழிகாட்டி

கிரேக்கத் தெய்வங்கள் என்றதும் பலருக்கும் ஒலிம்பஸ் மலைதான் நினைவுக்கு வருகிறது. இடியேந்திய ஜீயஸ், ஹேராவின் பொறாமை, அதீனாவின் அறிவு, டிராய் போர். அருமையான கதைகள்தான். ஆனால் அவற்றை மட்டும் படித்தவரிடம், ஏதென்ஸில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவர் தன் வீட்டில் ஜீயஸை எங்கே வைத்திருந்தார் என்று கேட்டால் பதில் வராது. பண்டசாலை அறையில், ஒரு ஜாடியாக வைத்திருந்தார். அந்த ஜாடியைப் புரிந்துகொண்டால் கிரேக்கச் சமயத்தில் பாதி புரிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே மலையுச்சியை விட்டுவிட்டு வாசற்படியிலிருந்து தொடங்குவோம்.

நாம் போகும் ஊர் கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளின் ஏதென்ஸ். ஸ்பார்ட்டா, கொரிந்து, தீப்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனி நாட்காட்டியும் தனி விழாக்களும் இருந்தன. ஓர் ஊர் வழக்கத்தை மற்றோர் ஊருக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. நீதிமன்ற உரைகள், நகைச்சுவை நாடகங்கள், கல்வெட்டுகள், மட்பாண்ட ஓவியங்கள் எல்லாம் ஏதென்ஸிலிருந்துதான் மிகுதியாகக் கிடைத்துள்ளன.

படி 1: மூன்று எதிர்பார்ப்புகளை இறக்கி வையுங்கள்

கிரேக்கரிடம் வேதம் போன்ற புனித நூல் கிடையாது. ஹோமரையும் ஹெசியடையும் எல்லோரும் அறிவார்கள். ஆனால் அடுத்து வந்த கவிஞர் அதே கதையை வேறு விதமாகச் சொன்னால் யாரும் தடுக்கவில்லை. ‘இன்னதை நம்புகிறேன்’ என்று உறுதி கூறும் வழக்கமும் கிடையாது. சமயத்தைப் போதிக்கும் குருமார் வகுப்பும் கிடையாது.

பூசாரிகள் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட தெய்வத்துக்குப் பணி செய்தவர்கள், அவ்வளவே. சில பதவிகள் குடும்ப உரிமையாக வந்தன. ஏதென்ஸுக்கு அருகிலுள்ள எலியூசிஸின் யூமோல்பிட் குடும்பம் அப்படிப்பட்டது. சில பதவிகள் குலுக்கலில் கிடைத்தன. நகரின் மலைக்கோட்டையான அக்ரோபோலிஸின் அதீனா நைக்கி கோயிலுக்குப் பெண் பூசாரியை ஏதென்ஸ் பெண்கள் எல்லோரிலிருந்தும் தேர்ந்தெடுக்க வேண்டும், அவருக்கு ஆண்டுக்கு 50 டிராக்மாவும் (வெள்ளி நாணயம்) பொதுப் பலிகளின் கால்களும் தோல்களும் சேர வேண்டும் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது.

‘மதம்’ என்பதற்கு ஈடான ஒரே சொல்லும் அவர்களிடம் இல்லை. அருகில் வரும் சொல் ‘யூசெபெயா’: தெய்வங்களுக்கும் பெற்றோருக்கும் இறந்தோருக்கும் உரியதை உரிய முறையில் செய்வது. எனவே ஒரு கிரேக்கரைப் பற்றி ‘இவர் நம்பினாரா?’ என்று தொடங்காதீர்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: யாருக்கு, எப்போது, எதைக் கொண்டு, யாரோடு? இனி வரும் எல்லாப் படிகளிலும் இவையே கைவிளக்கு.

படி 2: ஒரு வீட்டை மெதுவாகச் சுற்றி வாருங்கள்

தெருவில் நின்று வாசலைப் பாருங்கள். அங்கே ஒரு சதுரக் கல்தூண். மேலே தாடியுள்ள தலை, நடுவே ஆண்குறி. இது ஹெர்மீஸ் தூண். வழிகளையும் எல்லைகளையும் காப்பவர் ஹெர்மீஸ் என்பதால் வீட்டு வாசல்களிலும் தெரு முனைகளிலும் இத்தூண்கள் நின்றன. கி.மு. 415-ல் சிசிலிக்குப் பெரும் படை புறப்பட இருந்த நேரத்தில், ஒரே இரவில் நகரத்தின் ஹெர்மீஸ் தூண்கள் சிதைக்கப்பட்டன. ஏதென்ஸ் நடுங்கிப்போனது, விசாரணைகளும் மரண தண்டனைகளும் தொடர்ந்தன. சிலை உடைப்பாக மட்டும் அதை எண்ணாதீர்கள். பயணத்தின் தெய்வத்தை ஒவ்வொருவர் வாசலிலும் யாரோ அடித்துப்போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளோ கப்பலேற நிற்கிறார்கள்.

உள்ளே முற்றத்துக்கு வாருங்கள். அங்கே இருப்பது வேலியைக் காக்கும் ஜீயஸின் பலிபீடம். ‘ஜீயஸ் ஹெர்கெயோஸ்’ என்று பெயர். ஆர்க்கான் எனப்பட்ட ஏதென்ஸின் ஒன்பது உயர் அதிகாரிப் பதவிகளில் ஒன்றுக்கு ஒருவர் தேர்வானால், பொறுப்பேற்கும் முன் அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இவையும் உண்டு: உனக்கு அப்பல்லோ பட்ரூஸும் (முன்னோர் வழி அப்பல்லோ) ஜீயஸ் ஹெர்கெயோஸும் உண்டா? அவர்களுடைய இடங்கள் எங்கே இருக்கின்றன? குடும்பக் கல்லறைகள் எங்கே? பெற்றோரை நன்றாக வைத்திருக்கிறாயா? தெய்வத்தின் முகவரியைக் கேட்டு ஒருவர் இந்த ஊர்க்காரர்தானா என்று சரிபார்த்திருக்கிறார்கள். இந்த இடத்தில் சமயத்தையும் குடியுரிமையையும் தனித்தனியாகப் பிரிக்க முயன்றால் தோற்றுப்போவீர்கள்.

இப்போது பண்டசாலை அறை. ஜாடி இங்கேதான் இருக்கிறது. ‘ஜீயஸ் க்டெசியோஸ்’, உடைமையைக் காக்கும் ஜீயஸ். இரண்டு காதுள்ள சிறு ஜாடியின் காதுகளில் வெள்ளைக் கம்பளி நூலைச் சுற்றி, உள்ளே தூய நீரும் ஆலிவ் எண்ணெயும் பலவகைக் கனிகளும் இடுவார்கள். இடியும் மின்னலும் கொண்ட அதே ஜீயஸ் இங்கே தானியம் குறையாமல் பார்த்துக்கொள்கிறார். கிரேக்கத் தெய்வத்தின் முதல் பெயரோடு நின்றுவிடாதீர்கள். இரண்டாவது பெயர்தான் வேலையைச் சொல்லும்.

கடைசியாக அடுப்படி. இது அடுப்பின் தெய்வமான ஹெஸ்டியாவின் இடம். ஏதென்ஸ் வீடுகளின் அகழாய்வில் நிலையான அடுப்புகள் அரிதாகவே கிடைக்கின்றன. தூக்கிச் செல்லும் கரியடுப்புகளே மிகுதி. ஆனாலும் வீட்டில் ஒருவரைச் சேர்ப்பது அடுப்படியில்தான் நடந்தது. குழந்தை பிறந்தால் கதவில் அடையாளம் தொங்கும்: ஆண் என்றால் ஆலிவ் இலை வளையம், பெண் என்றால் கம்பளி. சில நாட்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி வருவார்கள். அதன்பிறகே அது இந்த வீட்டுப் பிள்ளை. புதுமணப்பெண்ணை அடுப்படியில் அமர்த்தித் தலையில் உலர்ந்த அத்திப்பழங்களையும் கொட்டைகளையும் சொரிவார்கள். சந்தையில் விலைக்கு வாங்கி வந்த அடிமைக்கும் இதையே செய்தார்கள். மணமகளுக்குச் சொரிந்த அதே அத்திப்பழம், ஊரையும் பெற்றோரையும் இழந்து வந்தவர் தலையிலும் விழுந்தது. இந்தச் சடங்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். அன்பையும் உடைமையையும் ஒரே செயலால் குறித்த சமூகம் அது.

படி 3: மாதத்தை நாள் நாளாகப் படியுங்கள்

மாதம் பிறை தெரியும்போது தொடங்கியது. முதல் நாள் ‘நூமேனியா’: வீட்டில் சாம்பிராணி, அக்ரோபோலிஸில் காணிக்கை, சந்தையில் கூட்டம். இரண்டாம் நாள் வீட்டைக் காக்கும் நல்ல ஆவிக்கு. நான்காம் நாள் ஹெர்மீஸுக்கும் அஃப்ரோடைட்டிக்கும், ஆறாம் நாள் ஆர்ட்டெமிஸுக்கு, ஏழாம் நாள் அப்பல்லோவுக்கு, எட்டாம் நாள் பொசைடனுக்கு.

மாதக் கடைசி இரவு, நாற்சந்திகளின் தெய்வமான ஹெகாட்டிக்கு உரியது. நாற்சந்தியில் அவளுக்கு உணவு வைத்துவிட்டுத் திரும்புவார்கள். பணக்காரர் வைத்த அந்த உணவை ஏழைகள் உடனே எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்கள் என்று அரிஸ்டோஃபனீஸின் நகைச்சுவை நாடகத்தில் ஒரு பாத்திரம் சொல்கிறது.

படி 4: ஒரு வேண்டுதலைக் காது கொடுத்துக் கேளுங்கள்

நின்றுகொண்டு, கைகளை உயர்த்தி, உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, வாய்விட்டு வேண்டுவார்கள். வாய்க்குள் முணுமுணுத்தால் ஏதோ தீய எண்ணம் என்ற சந்தேகம் எழும். வேண்டுதல் மூன்று பகுதியாக அமையும்: தெய்வத்தைச் சரியான பெயர்களால் அழைப்பது, பழைய உறவை நினைவூட்டுவது, வேண்டியதைக் கேட்பது. ஹோமரின் இலியட் காவியத் தொடக்கத்திலேயே கிரைசீஸ் என்ற பூசாரி இப்படித்தான் அப்பல்லோவிடம் கேட்கிறார்: நான் எப்போதேனும் உனக்குக் கோயில் வேய்ந்திருந்தால், கொழுத்த தொடைகளை எரித்திருந்தால், இதை நிறைவேற்று.

இதைப் பேரம் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிரேக்கர் இதற்குச் சொன்ன பெயர் ‘காரிஸ்’. தருபவருக்கும் பெறுபவருக்கும் மகிழ்ச்சி தரும் பரிமாற்றம். பேரத்தில் கணக்கு முடிந்தால் உறவும் முடியும். இங்கே கணக்கு முடியாமல் இருப்பதே நோக்கம்.

ஊற்றுப் படையலையும் கவனியுங்கள். விருந்தில் குடிக்கும் முன் கொஞ்சம் மதுவைத் தரையில் ஊற்றுவார்கள்: ஒலிம்பியத் தெய்வங்களுக்கு, மறைந்த மாவீரர்களுக்கு, மூன்றாவதாகக் காப்பவரான ஜீயஸுக்கு. விடியலில் கை கழுவாமல் ஜீயஸுக்கு மது ஊற்றாதே, ஆற்றைக் கடக்கும்முன் வேண்டிக்கொண்டு கை கழுவு என்று ஹெசியட் உழவர்களுக்கு அறிவுரை சொல்கிறார்.

படி 5: ஒரு பலியைத் தொடக்கம் முதல் இறுதிவரை பின்தொடருங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். கிரேக்கச் சமயத்தின் நடுத்தூண் இதுதான்.

முதலில் இடம். பலிபீடம் கோயிலுக்கு வெளியே திறந்த வெளியில் இருக்கும். கோயில் தெய்வச் சிலையின் வீடு. மக்கள் உள்ளே கூடித் தொழும் மண்டபம் இல்லை. பலிபீடம் மட்டும் இருந்தால் போதும், கோயிலே இல்லாமலும் வழிபாடு நடக்கும்.

ஊர்வலம் வருகிறது. முன்னால் ஒரு கன்னிப்பெண் தலையில் கூடை சுமக்கிறாள். கூடையில் வாற்கோதுமை, அதன் அடியில் கத்தி. குழலூதுபவர் வாசிக்கிறார். விலங்கின் கழுத்தில் மாலை. எல்லோரும் பலிபீடத்தைச் சூழ்ந்து நின்று கைகளில் நீர் ஊற்றிக்கொள்கிறார்கள். வேண்டுதல் சொல்லி, வாற்கோதுமையை வீசுகிறார்கள். விலங்கின் நெற்றி மயிரைச் சிறிது வெட்டி நெருப்பிலிடுகிறார்கள். தண்ணீர் தெளித்ததும் விலங்கு தலையசைத்துச் சம்மதம் தரும் என்று நெடுங்காலமாக எழுதிவந்தார்கள்; இன்று பல ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. ஓவியங்களில் கயிறு கட்டி இழுக்கப்படும் விலங்குகளைப் பார்த்தால் நமக்கும் ஐயம் வரும்.

கழுத்து அறுபடும் கணத்தில் பெண்கள் உரத்த குலவை எழுப்புகிறார்கள். இரத்தம் பலிபீடத்தில் படுகிறது. பிறகு பங்கீடு. தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றி எரித்தால் புகை தெய்வத்துக்கு. ஈரலும் இதயமும் கம்பியில் சுடப்பட்டு, அருகில் நிற்பவர்களுக்கு முதலில். மீதி இறைச்சி கொப்பரையில் வெந்து, பங்கு பிரிக்கப்பட்டு எல்லோருக்கும். தெய்வத்துக்கு எலும்பும் மனிதருக்கு இறைச்சியும் எப்படி வந்தது? எலும்பைக் கொழுப்பில் மறைத்துக் காட்டிப் புரோமீதியஸ் ஜீயஸை ஏமாற்றிய கதையை ஹெசியட் காரணமாகச் சொல்கிறார். தோல் பெரும்பாலும் பூசாரிக்கு; பெரிய அரசு விழாக்களின் தோல்களை ஏதென்ஸ் விற்றுக் கருவூலத்தில் சேர்த்தது.

செலவையும் பாருங்கள். ஏதென்ஸுக்குக் கிழக்கே எர்கியா என்ற ஊரில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பொறித்த பலி நாட்காட்டி கிடைத்திருக்கிறது. எந்த நாள், எந்த இடம், எந்தத் தெய்வம், என்ன விலங்கு, என்ன விலை என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். பன்றிக்குட்டி 3 டிராக்மா, செம்மறி 12 டிராக்மா வரை. அக்ரோபோலிஸின் எரெக்தியம் கோயில் கட்டுமானக் கணக்கில் ஒரு நாள் கூலி 1 டிராக்மா. அப்படியானால் ஒரு பன்றிக்குட்டி மூன்று நாள் உழைப்பு. சில பலிகளுக்கு எதிரே ‘எடுத்துச் செல்லக் கூடாது’ என்றும் எழுதியிருக்கிறது: இறைச்சியை அங்கேயே உட்கார்ந்து உண்ண வேண்டும். எளிய குடும்பங்களுக்கு ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் பெரும்பாலும் இப்படித்தான் கிடைத்தன. பசியையும் பக்தியையும் பிரித்துப் பார்க்க நினைப்பவர்கள் இந்தக் கல்லை ஒருமுறை படித்தாக வேண்டும்.

விலங்கு வாங்க வழியில்லாதவர்கள் அப்பமோ சாம்பிராணியோ படைத்தார்கள்; மாவில் விலங்கு உருவம் செய்து எரித்தவர்களும் உண்டு.

படி 6: ஒரே ஒரு திருவிழாவை ஆழமாகப் பாருங்கள்

ஏதென்ஸின் திருவிழாக்களை எல்லாம் பட்டியலிட்டால் எதுவும் மனத்தில் நிற்காது. நான் ஆந்தெஸ்டீரியா என்ற விழாவைத் தேர்ந்தெடுப்பேன். குளிர்காலம் முடியும் வேளை, ஆந்தெஸ்டீரியன் மாதம் 11, 12, 13.

முதல் நாள் புதிய மதுத் தாழிகளைத் திறந்து மதுவின் தெய்வமான டயோனிசஸுக்கு முதலில் ஊற்றுவார்கள். இரண்டாம் நாள் ‘கோயெஸ்’. ஒவ்வொருவர் முன்னும் சுமார் மூன்று லிட்டர் பிடிக்கும் ஒரு குடம்; எக்காளம் ஒலித்ததும் யாரும் பேசாமல் குடிக்க வேண்டும். தாயைக் கொன்ற ஒரெஸ்டீஸ் ஏதென்ஸுக்கு வந்தபோது அவனோடு ஒரே கிண்ணத்தில் பகிரவும் முடியாமல், விரட்டவும் மனமில்லாமல் அரசன் செய்த ஏற்பாடு இது என்று கதை. அன்று அடிமைகளும் குடித்தார்கள். அதே நாளில் மக்கள் கதவுகளில் தார் பூசி, ஒருவகை முட்செடியின் இலையை மென்றார்கள். ஆவிகள் உலவும் நாள் அது. மூன்றாம் நாள் பலவகைத் தானியங்களை ஒரே பானையில் வேகவைத்துப் பாதாளத்துக்கு வழிகாட்டும் ஹெர்மீஸுக்குப் படைத்தார்கள். முடிவில் ஒரு கூவல்: வெளியே போங்கள், ஆந்தெஸ்டீரியா முடிந்துவிட்டது!

மூன்று வயதான குழந்தைகளுக்கு அவ்விழாவில் பூமாலை சூட்டிக் குட்டிக் குடம் ஒன்றைத் தருவார்கள். தவழும் குழந்தையும் விளையாட்டு வண்டியும் வரைந்த அந்தக் குட்டிக் குடங்கள் இன்று அருங்காட்சியகங்களில் நிறைய உள்ளன. பல, குழந்தைகளின் கல்லறைகளிலிருந்து எடுத்தவை. பிற்காலத்து ஏதென்ஸ் கல்லறைக் கல் ஒன்று சொல்கிறது: கோயெஸுக்கான வயது வந்தது, ஆனால் விதி கோயெஸை முந்திக்கொண்டது.

படி 7: தீட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

கிரேக்கச் சொல் ‘மியாஸ்மா’. தமிழில் ‘தீட்டு’ மிக அருகில் நிற்கிறது. ஆனால் கவனம் தேவை. மியாஸ்மா ஒரு நிகழ்வால் வருவது: பிறப்பு, இறப்பு, இரத்தம் சிந்துதல். தொழிலாலோ பிறவியாலோ ஒரு கூட்டத்தார்மேல் நிலையாக ஒட்டுவது என்று இதைப் படித்துவிடாதீர்கள். ஏதென்ஸின் பெருங்குடும்பமான அல்க்மயோனிட் குடும்பத்தின்மேல் பழி தலைமுறை தாண்டித் தொடர்ந்தது. அதற்கும் தொடக்கம், தெய்வத்திடம் தஞ்சம் புகுந்தவர்களைக் கொன்ற செயல்தான்.

சாவு வீட்டின் வாசலில் ஒரு பானை நீர் இருக்கும். அந்த நீர் வேறு வீட்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். துக்கம் கேட்டு வெளியே வருபவர்கள் அதைத் தெளித்துக்கொண்டு போவார்கள். ஒரு நாள் உடலைக் கிடத்திவைத்து, மறுநாள் சூரியன் எழுமுன் எடுத்துச் செல்வார்கள். கொலை வழக்குகளைத் திறந்த வெளியில் விசாரித்தார்கள்; கொலையாளியோடு நீதிபதிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. மக்கள் மன்றம் கூடும்முன் பன்றிக்குட்டியைச் சுற்றி எடுத்துவந்து இடத்தைத் தூய்மைப்படுத்தினார்கள். இவை எல்லாவற்றையும் விஞ்சியது டெலோஸ் தீவு: கி.மு. 426-ன் குளிர்காலத்தில் ஏதென்ஸ் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் அகற்றி, இனி அந்தத் தீவில் யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று ஆணையிட்டது. அப்பல்லோ பிறந்த மண் அது. பிரசவ வலி கண்ட பெண்ணையும் சாகக் கிடந்த முதியவரையும் படகேற்றி அருகிலுள்ள ரெனியா தீவுக்குக் கொண்டுபோனார்கள்.

படி 8: பெண்கள் நிற்கும் இடத்தைத் தேடுங்கள்

மன்றத்தில் பேச முடியாத, வாக்களிக்க முடியாத ஏதென்ஸ் பெண் சமயத்தில் முன்வரிசையில் நிற்கிறார். நகரைக் காக்கும் அதீனாவான அதீனா போலியாஸின் பூசாரியாக லிசிமாக்கே 64 ஆண்டுகள் பணியாற்றினார். நகரத்தில் எந்த ஆண் அதிகாரியும் அவ்வளவு காலம் ஒரு பதவியில் இருந்ததில்லை.

இலையுதிர் காலத்தில் தெஸ்மோஃபோரியா என்ற விழா. மணமான பெண்கள் மூன்று நாட்கள் வீட்டை விட்டு ஒன்றாகத் தங்குவார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. குழிகளில் முன்பே இட்டிருந்த பன்றிக்குட்டிகளின் அழுகிய எச்சங்களை மேலே எடுத்து, விளைச்சலின் தெய்வமான டிமீட்டரின் பலிபீடத்தில் வைப்பார்கள். விதையோடு கலந்தால் விளைச்சல் பெருகும். ஊருக்கே சோறு போடும் சடங்கு பெண்கள் கையில் இருந்தது. ஏதென்ஸ் நாட்டுப்புறத்துப் பிராரோன் என்ற ஊரில் ஆர்ட்டெமிஸுக்குப் பெண்கள் தங்கள் ஆடைகளைக் காணிக்கையாகத் தந்தார்கள். கல்வெட்டுப் பட்டியல்களில் பாதி நெய்த துணிகளும் உள்ளன.

படி 9: இருண்ட பக்கத்தையும், எல்லைக்கோட்டையும் பாருங்கள்

கல்லறைகளிலும் கிணறுகளிலும் மடித்து ஆணி அடித்த ஈயத் தகடுகள் கிடைக்கின்றன. வழக்கில் எதிராளியின் நாக்கைக் கட்டு, போட்டிக் கடைக்காரரின் தொழிலைக் கட்டு என்று பாதாளத் தெய்வங்களிடம் கேட்கும் சாபங்கள் அவை. அதே ஊரில் அளவுக்கு மீறி அஞ்சியவரைக் கண்டு சிரிக்கவும் செய்தார்கள்: மெய்யியலாளர் தியோஃபிராஸ்டஸ் தன் நூலில் சித்திரித்த ஒரு மனிதர், எலி மாவுப் பையைக் கடித்துவிட்டால் என்ன பரிகாரம் என்று கேட்கப் போகிறார். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள் என்று பதில் வருகிறது. அவரோ அதைக் கேளாமல் பலி கொடுக்கப் போய்விடுகிறார்.

புதிய தெய்வங்களுக்குக் கதவு மூடியிருக்கவில்லை. திரேசியப் பெண் தெய்வம் பெண்டிஸுக்குப் பிரேயஸ் துறைமுகத்தில் அரசே விழா எடுத்தது, கி.மு. 420-ல் நோய் தீர்க்கும் அஸ்கிளீப்பியஸ் ஏதென்ஸுக்கு வந்தார். ஆனால் நகரத்தின் ஒப்புதல் வேண்டும். கி.மு. 399-ல் சாக்ரடீஸ்மேல் வந்த குற்றச்சாட்டை இப்போது மறுபடி படியுங்கள்: நகரம் போற்றும் தெய்வங்களைப் போற்றவில்லை, வேறு புதிய தெய்விகங்களைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார். அங்கே வரும் கிரேக்க வினைச்சொல், நம்புவதையும் வழக்கமாகக் கைக்கொள்வதையும் சேர்த்தே குறிப்பது.

படி 10: இனி நீங்களே ஒரு சான்றைப் படியுங்கள்

வடமேற்குக் கிரேக்கத்தில் டொடோனா. அங்கே ஓக் மரத்தடியில் ஜீயஸ் குறி சொன்னார். கேள்வியைச் சிறு ஈயத் தகட்டில் கீறி மடித்துத் தருவார்கள். 2013-ல் வெளியான தொகுப்பில் மட்டும் 4,200-க்கும் மேற்பட்ட வாசகங்கள் உள்ளன. ஆடு வளர்த்தால் லாபம் உண்டா என்று கிளியூடாஸ் கேட்கிறார். ஆன்னிலா சுமக்கும் குழந்தை தன்னுடையதுதானா என்று லிசானியாஸ் கேட்கிறார். உங்கள் பயிற்சிக்கு ஆகிஸின் தகட்டைத் தருகிறேன்: காணாமல்போன போர்வைகளையும் தலையணைகளையும் குறித்து ஆகிஸ் ஜீயஸ் நயோஸையும் டயோனேயையும் கேட்கிறார், வெளியாள் யாராவது திருடியிருப்பார்களா?

நான்கு கேள்விகளையும் போடுங்கள். யாருக்கு? வெறும் ஜீயஸுக்கு இல்லை. டொடோனாவின் ஜீயஸுக்கு, இரண்டாவது பெயரோடு. பக்கத்தில் அவருடைய துணை டயோனே. ஹேரா இல்லை, இது இந்த ஊர் வழக்கம். எப்போது? திருட்டு நடந்து, மலைப்பாதையில் இவ்வளவு தூரம் நடந்துவரத் துணிந்த பிறகு. எதைக் கொண்டு? விரலளவு ஈயத்தையும் ஒரு கூரிய முனையையும். யாரோடு? கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ‘வெளியாள்’ என்று எழுதும்போது ஆகிஸின் மனக்கண்ணில் வீட்டுக்குள் இருப்பவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயிருக்கும்.